பொன்னாடை போதுங்க, மாதம் ஒரு நாள் வாருங்கள்

கொங்குப் பகுதியில் இருக்கிற ரோட்டரி, லயன்ஸ் சங்க நண்பர்களுக்கும், ஊர் நற்பணி மன்றத் தம்பி தங்கைகளுக்கும், கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், முன்னாள் படைவீரர் சங்கத் தோழர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளிலும் உங்களில் பலர், போரிலோ பணியிலோ கை கால் இழந்த ஒரு படைவீரரைத் தேடிப்பிடித்து மேடைக்கு அழைத்து வருகிறீர்கள். பொன்னாடை போர்த்துகிறீர்கள், நினைவுப் பரிசு கொடுக்கிறீர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஊருக்குள் யாரும் கண்டுகொள்ளாத மனிதருக்கு அந்த ஒரு காலை நேரம் பெரிது, அப்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்கு மறுநாளும் தேவை இருக்கிறது, அடுத்த மாதமும் இருக்கிறது, அப்போது யாரும் வருவதில்லை. நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை. ஒரு அமைப்புக்கு இரண்டு மூன்று வீடு, ஒரு வீட்டுக்கு ஒரே ஆள், மாதம் ஒரு நாள், அதை வருஷக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை. ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

நான் படையில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். திரும்பி வந்ததிலிருந்து கோபி, சத்தி, நம்பியூர், அந்தியூர் வட்டாரத்தில், அடிபட்டோ நோய்ப்பட்டோ போர்டு அவுட் ஆகி, அதாவது உடல்தகுதி இல்லை என்று மருத்துவக் குழு அனுப்பிவிட்டு, ஊர் திரும்பியவர்களின் வீடுகளுக்குப் போய் பென்ஷன் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். என்னைப் போல இன்னும் சிலரும் சேர்ந்து செய்கிறோம். எங்கள் குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை, வசூல் புத்தகமும் கிடையாது.

முதலில் நம் பகுதியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையைப் பட்டாளத்து ஊர் என்றே சொல்வார்கள். அந்த மாதிரி ஊரில் ஒருவருடைய காகிதம் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் எதிர் வீட்டுச் சுபேதாரிடம் கேட்டால் வழி தெரிந்துவிடும். நம் பக்கம் அப்படி இல்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் சென்டர் இருக்கிறது, சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, கோவைக்குள்ளேயே கடற்படையின் ஐஎன்எஸ் அக்ரணி இருக்கிறது, ஆனால் நான் போய்வருகிற கிராமங்களில் ஊருக்கு ஒரு பட்டாளத்துக்காரர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். தறியும் பனியன் கம்பெனியும் மஞ்சளும் தென்னையும் இருக்கிற ஊரில் ஒருவன் பட்டாளத்துக்குப் போகிறான் என்றால் 'இங்க இல்லாத பொழப்பா' என்று கேட்கிறவர்களே அதிகம். அவனே சக்கர நாற்காலியில் திரும்பி வந்துவிட்டால், அவன் என்ன மொழியில் என்ன வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வந்தான் என்று புரிந்து பேச அந்த ஊரில் ஒருத்தர் இருக்கமாட்டார். அதனால்தான் மற்ற பகுதிகளைவிட இங்கே உங்களைப் போன்ற வெளி ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

காகித விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் குடும்பங்களின் சாப்பாடே இருக்கிறது. ஒருவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்திருந்தால் அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கிற ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வெலிங்டனில், மலை ஏறிப் போய்க் கேட்டுவிடலாம். பீரங்கிப் படை என்றால் நாசிக். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இயந்திரப் பராமரிப்புப் பிரிவான ஈஎம்ஈ என்றால் செகந்திராபாத். மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. நம்பியூருக்குப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஜபல்பூரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகிறது. அவர் அதை பத்திரமாக மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார். அதில் 'இத்தனை நாளுக்குள் இன்ன சான்று அனுப்பவும்' என்று இருக்கும். படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அந்தக் கெடு போய்விடும்.

அப்புறம் பெயர். நாம் தலைப்பெழுத்துப் போட்டு எழுதுகிறவர்கள். படையில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரை முன்னாலோ பின்னாலோ சேர்த்துவிடுவார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, ஓய்வூதிய ஆணையான பிபிஓவில் ஒரு மாதிரி, பாங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி. மனைவியின் பிறந்த தேதி, கல்யாணம் ஆன நாள், பிள்ளைகள் பெயர் எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்கிற படைப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அது ஏறாமலே வீரர் இறந்துபோனால், குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா 'நான்தான் அவருடைய மனைவி' என்று நிரூபிக்க அலைய வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஒரு பிற்பகல் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி தப்பு அப்போதே தெரிந்துவிடும். இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, பொறுமையான ஒரு கல்லூரிப் பெண் போதும், நிஜமாகவே போதும்.

இன்னொன்று, சதவீதக் கணக்கு. வெளியே அனுப்புவதற்கு முன்னால் மெடிக்கல் போர்டு என்கிற படை மருத்துவக் குழு இரண்டு விஷயம் எழுதும். உடல் பாதிப்பு எத்தனை சதவீதம் என்பது ஒன்று. அது பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இல்லை இரண்டும் இல்லையா என்பது மற்றொன்று. மூன்றாவதாகச் சொன்னதைப் போட்டுவிட்டால் பாதிப்புக்கான ஓய்வூதியம் கிடையாது. பல பேர் அதைப் பார்த்ததோடு 'நம்ம தலைவிதி' என்று விட்டுவிடுகிறார்கள். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சேரும்போது உடம்பில் இன்ன நோய் இருந்தது என்று பதிவு எதுவும் இல்லையென்றால், நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பின்னால் வந்த கோளாறு பணியால் வந்தது அல்ல என்றால் அதைக் காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு. சதவீதத்திலும் ஒரு சலுகை உண்டு. 1996 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த முறைப்படி 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50இலிருந்து 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் ஏற்றிக் கணக்கிடுவார்கள். முதலில் இது பாதிப்பால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் என்றிருந்தது, முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அப்படி முழுக் காலம் முடித்தவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் மாறியிருக்கின்றன, அவர்களுக்குப் புது விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் வாதாட வேண்டாம். அதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அந்த வீட்டுக்குச் சொல்லி, மெடிக்கல் போர்டு நகல் ஒன்றை எடுத்துவைத்து, முதல் முறையாவது கூடப் போவதுதான். தாமதித்துப் போனால் பழைய பாக்கியை மூன்று வருஷத்தோடு நிறுத்திய தீர்ப்புகளும் உண்டு, அதனால் 'தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும்' என்று தள்ளுவது காசை நேராக இழப்பதுதான்.

நூறு சதவீதப் பாதிப்பு உள்ளவருக்கு, எந்நேரமும் கூட ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மெடிக்கல் போர்டு எழுதினால், அதற்கென்று தனிப் படி உண்டு. இது தெரியாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் மனைவிதானே, அதற்கு ஏது படி என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த மனைவியைப் பற்றித்தான் நான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும்.

முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும், ராத்திரியிலும்தான். இல்லையென்றால் இடுப்பு எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். அவருக்கு வலி தெரியாது என்பதால் புண் ஆழமான பிறகுதான் கண்ணில் படும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தாலும் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும். அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, அதனால் நம் ஊர் சித்திரை வெயிலில் தகர ஓட்டுக்கு அடியில் அவர் உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும், ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கணவர் எழுபது எண்பது கிலோ இருப்பார், அந்த அம்மா அதில் பாதிதான் இருப்பார். தூக்கித் தூக்கி அவருக்கே முதுகு போய்விடுகிறது. புணே அருகே கிர்க்கியிலும் பஞ்சாபில் மொஹாலியிலும் இப்படிப்பட்ட வீரர்களுக்கென்றே மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன, நல்லபடியாகவே பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் நம் பக்கத்துக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டைத்தான் விரும்புகிறார்கள். வீடு என்றால் அந்த ஒரு பெண்தான்.

அப்படிப்பட்ட ஓர் அம்மிணி ஒரு நாள் காகிதமெல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு இணைச்சீர் செய்ய என்னால போக முடியலீங்ணா. சித்தி மக செஞ்சா. போட்டோவுல பார்த்தேன்." கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் கூடப்பிறந்தவளுக்கு என்ன மாதிரியான உரிமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் கணவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒரே ஒரு பகல், யாராவது இருந்திருந்தால் அவர் போய் அந்தச் சீரைச் செய்துவிட்டு வந்திருப்பார். அந்த ஊரில் இருக்கிற மன்றம் ஆண்டுதோறும் ரத்த தான முகாம் நடத்துகிறது, மரக்கன்று நடுகிறது. நல்ல மனசுக்காரர்கள்தான். அவர்களுக்கு இப்படி ஒரு தேவை நாலு வீடு தள்ளி இருப்பது தெரியாது, இவருக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஆகவே, மாதம் ஒரு நாள் என்று நான் சொல்வதில் முதல் வேலை இதுதான்: அந்த அம்மாவை வெளியே அனுப்புங்கள். அவர் பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போகட்டும், தாய்வீட்டுக்குப் போகட்டும், தன் முதுகுவலிக்கு டாக்டரிடம் போகட்டும், இல்லை பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அன்று ஒரு ஆண் தன்னார்வலர் உள்ளே இருந்து புரட்டுவது, குழாய்ப் பையைக் காலி செய்வது, சாப்பாடு கொடுப்பது எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இதை ஒரு பிசியோதெரபிஸ்டோ செவிலியரோ ஒரு நாள் காட்டிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளலாம். ஈரோட்டிலும் கோவையிலும் எத்தனை செவிலியர் கல்லூரிகள், பிசியோதெரபி கல்லூரிகள் இருக்கின்றன! அந்த மாணவர்களுக்கும் இது நல்ல பாடம்.

அடுத்து, செயற்கைக் கால். கால் ஒரு தரம் பொருத்திவிட்டால் முடிந்தது என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெட்டுப்பட்ட மிச்சக் கால் வருஷத்துக்கு வருஷம் மெலியும், ஒரே நாளிலேயே காலையில் ஒரு பருமன், மாலையில் ஒரு பருமன் இருக்கும். அதனால் மேலே போடுகிற சாக்ஸைக் கூட்டிக் குறைத்துப் போட வேண்டும். மிச்சக் கால் உட்காருகிற கிண்ணம் தளர்ந்தால் உரசும், வியர்வை சேர்ந்தால் தோல் பிய்யும், பிய்ந்தால் புண் ஆறுகிற வரை காலைப் போட முடியாது, ஊன்றுகோல்தான். படைக்கென்று புணேயில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது, 1944இல் தொடங்கியது, அருமையான இடம். ஆனால் ஈரோட்டிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸில் ஏறினால் புணே போய் இறங்க ஒரு நாளைத் தாண்டிவிடும். ஒற்றைக் காலோடு, வயதான மனைவியையும் கூட்டிக்கொண்டு, ரயில் கழிப்பறைக்குப் போக யோசித்தே தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். கூடப் போக ஒரு இளைஞன் இருந்தால் அந்தப் பயணம் எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நம் ஊருக்கென்றே இருக்கிற கைத்திறன் ஒன்று சும்மா கிடக்கிறது. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை இல்லாத தெரு எது? சக்கர நாற்காலியின் முன் சக்கரம் ஆடுகிறது, பேரிங் போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்றால் புது நாற்காலிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற வீட்டுக்கு ஒரு பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். சைடு சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு கை பிரேக் மாற்றுவதும் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. திருப்பூர் நண்பர்களே, அந்தச் சாக்ஸை நினைத்துப் பாருங்கள்: தையல் உறுத்தாத, வியர்வை இழுக்கிற பருத்திச் சாக்ஸ், குறுகலான ஒரு குழாய் வடிவம். உலகத்துக்கே பின்னிக் கொடுக்கிற ஊர் அது. ஒரு கம்பெனி மனசு வைத்து, நல்ல செயற்கைக் கால் நிபுணரிடம் அளவும் நூலும் கேட்டுப் பின்னினால் இந்தப் பகுதியில் கால் இழந்த எல்லாருக்கும், பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் இல்லை, சர்க்கரை நோயில் கால் போனவர்களுக்கும் கொடுத்துவிடலாம்.

வீட்டு வாசலில் சாய்தளம் போட்டுக் கொடுக்கிற மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடம் இல்லை என்று நாலடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டால் நாற்காலி பின்னால் கவிழும், அதற்குப் போடாமலே இருக்கலாம். கழிப்பறையில் உட்காரும் கோப்பையும் சுவரில் நல்ல கனமான கைப்பிடியும் வைத்துக்கொடுங்கள். அது மேடைச் செலவைவிடக் குறைவுதான்.

மனசு பற்றியும் சொல்ல வேண்டும். போன கால் வலிக்கிறது என்பார்கள். இல்லாத பெருவிரல் ராத்திரி இரண்டு மணிக்கு எரிகிறது என்பார்கள். அது நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை, மருத்துவத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட வலி, அதற்குச் சிகிச்சையும் உண்டு. சிலர் அந்த வலியோடும் தூக்கமில்லாத ராத்திரிகளோடும் குடியில் விழுந்துவிடுகிறார்கள். பட்டாளத்துக்காரன் என்றால் குடிப்பான் என்று ஊர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது, எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், முதல் தரம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள்.

இதில் இன்னும் வாயைத் திறக்காதவர்கள் 1987க்கும் 1990க்கும் நடுவில் இலங்கைக்கு அமைதிப்படையில் போய் வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் கால் போன ஒரு தமிழ் ஜவான் இந்த ஊரில் அதை எப்படிச் சொல்வார்? கார்கில் என்றால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். அவர் 'ஆக்சிடெண்ட்' என்று சொல்லிக்கொண்டு வாழ்கிறார். 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை என்பதும், அதற்கு அன்றைக்கு இருந்த காரணங்களும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படையெடுப்பைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது, லேசான கருத்தும் இல்லை. ஆனால் போ என்றார்கள், போனார், காலை விட்டுவிட்டு வந்தார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் வாசலில் நின்று அரசியல் கேட்காதீர்கள். உள்ளே போய் 'காலைக்குச் சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள்.

யார் முன்னாள் படைவீரர், யார் இல்லை என்ற கணக்கையும் தயவுசெய்து நீங்கள் பார்க்காதீர்கள். அது அரசின் கணக்கு. துடியலூர்ப் பக்கம் சிஆர்பிஎஃப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிஆர்பிஎஃப்பிலும் பிஎஸ்எஃப்பிலும் இருக்கிறார்கள். அங்கே அடிபட்டு வந்தவருக்கு முன்னாள் படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் கிடையாது, அவருக்கான வழி வேறு. நாலு வருஷப் பணிக்கு ஆள் எடுக்க 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைக்குப் பணியால் பாதிப்பு வந்தால் சதவீதத்துக்குத் தகுந்தபடி 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று ஒரு மொத்தத் தொகை உண்டு, ஆனால் மாதாமாதம் வருகிற ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இருபத்து மூன்று வயதில் கையில் மொத்தமாக வருகிற காசை என்ன செய்வது என்று அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்வது? நல்ல கணக்கர்கள் உங்கள் சங்கங்களில் இருக்கிறார்கள். சீட்டுக் கம்பெனிக்காரன் அந்த வீட்டுக்குப் போகும் முன் நீங்கள் போய்விடுங்கள்.

வேலை கொடுக்கிற முதலாளிகளுக்கு ஒரே வார்த்தை: வாட்ச்மேன் வேலையைத் தவிர வேறு யோசியுங்கள். ஸ்டோர், கணக்கு, மெஷின் பராமரிப்பு, வயர்லெஸ் என்று படையில் இவர்கள் கற்றுக்கொண்டது ஏராளம். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறவருக்கு, 2024 சுதந்திர தின விழாவில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது, ஒரு கோடி வரை கடனும் அதில் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு. திட்ட அறிக்கை எழுதத்தான் ஆள் இல்லை. கொங்கு நாட்டில் அதை எழுதத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

ஊர்க்காரர்கள் சேர்ந்து இவ்வளவும் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்கு ஒரு தரம் போய்விட்டு வாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை கொடுத்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். படையில் சேரவே முடியாமல் போன ஒருவர், படுக்கையில் இருந்தபடி, ஒரு கிராமத்தில் தொடங்கியது அது. கொங்குப் பகுதியில் காசும் கட்டடமும் காரும் ஆள்பலமும் இருக்கிறது, நாம் கேட்பது அதில் கால்வாசி.

நடைமுறைக்கு வருகிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் நீங்கள் யார் என்று சொல்லி, உதவி தேவைப்படுகிற குடும்பங்களிடம் முதலில் அவர்களே கேட்டு, சம்மதம் சொன்னவர்களோடு மட்டும் உங்களை இணைத்துவிடச் சொல்லுங்கள். தாலுகா வாரியாக அமைப்புகள் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரே வீட்டுக்கு மூன்று சங்கம் போவதும் பக்கத்து ஊரை யாரும் எட்டிப் பார்க்காததும் இப்போது நடக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்தால், எப்படி அடிபட்டது என்ற கதையை அவர் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அது அவருக்குத் தண்டனை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது. படம் எடுக்காதீர்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று உங்கள் தலைமை கேட்டால், சரி செய்த சக்கர நாற்காலியைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஆளை வேண்டாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் ஆரம்பிக்காமலே இருப்பது மேல், ஏனென்றால் இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுபோனவர்களை அந்த வீடுகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டன.

நவம்பரில் பெரும்பாலானவர்கள் ஸ்பர்ஷ் என்கிற படை ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று பதிய வேண்டும். கைரேகை தேய்ந்துபோன, கை இல்லாத, படுத்த படுக்கையாக இருக்கிற பென்ஷன்தாரர்களுக்கு அந்த மாதம் ஒரு பதற்றம். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், 1949இலிருந்து நாடு முழுக்க நடக்கிறது, அதற்கு நிதி கொடுப்பதில் நம் மாவட்டங்களின் தொழில்காரர்கள் தாராளம்தான். இந்த ஆண்டு அந்த இரண்டுக்கும் முன்னால், அக்டோபருக்குள், உங்கள் அமைப்பிலிருந்து இரண்டு பேரையாவது தேர்ந்தெடுத்துவிடுங்கள். முதல் மாதம் போனில் முக அடையாளத்தை வைத்து வாழ்நாள் சான்று போட்டுக்கொடுப்பதில் தொடங்கினால் போதும், அதிலேயே அறிமுகம் ஆகிவிடும். காகிதம் வாசிப்பதில் சந்தேகம் வந்தால் எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற கிளர்க்குகள் எல்லா தாலுகாவிலும் இருக்கிறோம், படைவீரர் கேன்டீன் வரிசையில் நின்று விசாரித்தாலே ஆள் கிடைத்துவிடும். கூப்பிட்டால் வருவோம்.

போவதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, எந்த நேரம் தோது என்று கேட்டுக்கொண்டு போங்கள். காலையில் ஒன்பது மணி வரை அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
கோபிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற படை கிளர்க் ஒருவர்